பந்தய மைதானம், மால், கிடங்கு: நார்த் ராண்டல் என்னும் ஊரின் கதை

[காட்சி: ஓர் ஊரின் முத்திரை, திரை நிறைய. அதில் கடைப் பைகள்.]

ஊர் முத்திரை என்றால் அதில் ஆறு இருக்கும், மலை இருக்கும், நெற்கதிரோ கோதுமைக் கதிரோ இருக்கும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகர மையத்திலிருந்து தென்கிழக்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நார்த் ராண்டல் என்னும் சிற்றூர், தன் முத்திரையில் கடைப் பைகளைப் பொறித்துக்கொண்டது. ஏறத்தாழ 1,500 பேர் மட்டுமே வசித்த அந்த ஊரில் 1976 ஆகஸ்டில் திறக்கப்பட்ட ராண்டல் பார்க் மால், அப்போது உலகிலேயே மிகப் பெரிய மால் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. அதன் கட்டடப் பரப்பு சுமார் 22 லட்சம் சதுர அடி. சென்னையில் மனை பேசுகிறவர்களின் கணக்கில் 900 கிரவுண்டுக்கு மேல். 200-க்கும் அதிகமான கடைகள் இரண்டு தளங்களில் அமைந்திருக்க, சியர்ஸ், ஜேசிபென்னி, ஹிக்பீஸ், மே கம்பெனி, ஹார்ன்ஸ் என்ற ஐந்து பெரும் டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள் அவற்றைச் சுற்றிக் கோட்டைக் காவல்போல் நின்றன.

திறந்து 33 ஆண்டுகளுக்குள் அது மூடப்பட்டது. இடித்த இடத்தில் இன்று நிற்பது அமேசான் நிறுவனத்தின் கிடங்கு. இதைக் கேட்டவுடன், இணைய வணிகம் மாலைக் கொன்றுவிட்டது என்ற முடிவுக்கு வருவது எளிது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது அந்த முடிவு நிற்கவில்லை. மாலின் பெரிய கடைகள் ஒவ்வொன்றாக வெளியேறத் தொடங்கியது 1990களின் தொடக்கத்தில். அமேசான் தன் முதல் புத்தகத்தை விற்றது 1995-இல். மால் மூடப்பட்ட 2009-இல்கூட அமெரிக்கச் சில்லறை வணிகத்தில் இணையத்தின் பங்கு நூற்றுக்கு நான்கு அளவில்தான் இருந்தது. அப்படியானால் அந்த மாலைச் சாய்த்தது எது என்பதே இந்த வீடியோவின் கேள்வி.

[காட்சி: பந்தயக் குதிரைகளின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்]

நார்த் ராண்டல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குதிரைப் பந்தயத்தை நம்பி உருவான ஊர். அங்கே ராண்டல் பார்க், திஸில்டவுன் என இரண்டு பந்தய மைதானங்கள் அருகருகே இருந்தன. அவற்றில் ராண்டல் பார்க் மைதானத்தின் நிலத்தில்தான் மாலை எழுப்பினார் எட்வர்ட் டிபார்டொலோ. யங்ஸ்டவுன் நகரில் 1909-இல் பிறந்து, நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் சிவில் எஞ்சினியரிங் படித்த அவர், அமெரிக்காவில் மால் கட்டுவதையே தொழிலாக்கிக்கொண்டவர்களில் முதல் வரிசையில் இருந்தவர். விமானத்தில் பறந்தபடி நிலம் பார்ப்பார் என்பார்கள். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு நெடுஞ்சாலைகள் நெருங்கும் இடம் எது, அதைச் சுற்றி எத்தனை புதுக் கூரைகள் தெரிகின்றன என்பது புலப்பட்டுவிடும் அல்லவா? ஐ-480, ஐ-271 ஆகிய நெடுஞ்சாலைகளுக்கு அருகே அமைந்த நார்த் ராண்டல் அவருடைய கணக்குக்குப் பொருந்தி வந்தது.

ஊருக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஒஹையோவில் உள்ளாட்சிகள் தம் எல்லைக்குள் வேலை செய்வோரின் சம்பளத்தில் வருமான வரி வசூலிக்கலாம். அவர் எந்த ஊரில் குடியிருந்தாலும் சரி. 1,500 பேர் வாழும் ஊருக்கு ஆயிரக்கணக்கானோர் தினமும் வேலைக்கு வந்தால், அந்த ஊராட்சியின் கஜானா எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முத்திரையில் கடைப் பைகள் ஏறியது வெறும் பெருமையால் மட்டும் நிகழவில்லை. தெருவிளக்கும் காவல் நிலையமும் அந்தப் பைகளிலிருந்துதான் வந்தன.

[காட்சி: 1956, எடினா, மின்னசோட்டா. கூரையிட்ட முற்றம்.]

இப்படிப்பட்ட கட்டடம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாஜிகளிடமிருந்து தப்பி 1938-இல் வியன்னாவிலிருந்து அமெரிக்கா வந்த விக்டர் குரூயன் என்ற கட்டடக் கலைஞர், மினியாபொலிஸ் அருகே எடினாவில் வடிவமைத்த சவுத்டேல், 1956 அக்டோபரில் திறக்கப்பட்டது. முழுவதும் கூரையிட்டு, குளிரும் வெயிலும் படாமல் உள்ளேயே கடைத்தெருவை அமைத்த முதல் புறநகர் மால் அதுதான். அதைச் சுற்றி வீடுகள், பள்ளிகள், பூங்கா என ஒரு முழு ஊரையே குரூயன் வரைந்து வைத்திருந்தார். மால் மட்டும் கட்டப்பட்டது, ஊர் கட்டப்படவில்லை. பிற்காலத்தில், 1978-இல் பேசிய ஓர் உரையில், தமக்குப் பிறந்தவை என்று சொல்லப்படும் அந்தக் கட்டடங்களுக்கு ஜீவனாம்சம் கொடுக்கத் தாம் மறுப்பதாக மனம் கசந்து சொன்னார்.

அவர் எண்ணம் எதுவாக இருந்தாலும், மால்களைப் பெருக்கியதில் வரிச் சட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1954-இல் அமெரிக்க அரசு விரைவுத் தேய்மானத்தை அனுமதித்தது. ஒரு கட்டடத்தின் விலையை நாற்பது ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்துக் கழிக்காமல், முதல் சில ஆண்டுகளிலேயே பெரும் பகுதியைத் தேய்மானமாகக் காட்டலாம் என்பதே அதன் சாரம். கையில் வாடகை வந்துகொண்டிருக்கும். கணக்குப் புத்தகத்திலோ நஷ்டம் தெரியும். அந்த நஷ்டத்தைக் காட்டி மற்ற வருமானத்துக்கான வரியைக் குறைத்துக்கொள்ளலாம். தேய்மானச் சலுகை தீர்ந்த பின் கட்டடத்தை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்குவதே முதலீட்டாளருக்கு ஆதாயம். பழையதைப் பழுதுபார்த்துப் பேணுவதைவிடப் புதியதைக் கட்டுவதற்கே இந்தச் சட்டம் பரிசளித்தது. 1986-இல் வரிச் சீர்திருத்தம் இந்தச் சலுகையை வெட்டும்வரை, சந்தைக்குத் தேவை உண்டா என்ற கேள்வியைக் கேட்காமலே கட்டுவதற்கு ஒரு காரணம் இருந்துகொண்டே இருந்தது.

வடகிழக்கு ஒஹையோவில் அதன் விளைவு கண்கூடு. 1975-இல் ஆக்ரன் நகரில் ரோலிங் ஏக்கர்ஸ், 1976-இல் ராண்டல் பார்க், அதே ஆண்டில் மேற்குப் பக்கம் கிரேட் நார்தர்ன், 1977-இல் யூக்ளிட் ஸ்குவேர், 1978-இல் பீச்வுட் பிளேஸ். நான்கே ஆண்டுகளில் ஐந்து மால்கள். இதே காலத்தில் மக்கள்தொகை என்ன ஆயிற்று? கிளீவ்லாந்து நகரில் 1970-இல் சுமார் 7.5 லட்சம் பேர் இருந்தனர். 1980-இல் அது 5.7 லட்சம், 2000-இல் 4.8 லட்சத்துக்கும் குறைவு. எஃகு ஆலைகளும் மோட்டார் உதிரிப்பாகத் தொழிற்சாலைகளும் ஆட்களைக் குறைத்ததால் அவர்கள் வெளியேறினர். நகரத்தைச் சேர்க்காமல் புறநகரை மட்டும் பார்த்தால் பெருக்கம்போல் தோன்றும். ஆனால் நகரையும் புறநகரையும் உள்ளடக்கிய கயஹோகா கவுண்டி, அதாவது மாவட்டம், முழுவதுமே 1970-இல் 17.2 லட்சமாக இருந்து 2010-இல் 12.8 லட்சமாகச் சுருங்கிவிட்டது. வாங்குகிறவர்கள் குறைந்துகொண்டிருந்த ஓர் இடத்தில் விற்கிற இடம் மட்டும் பெருகிக்கொண்டிருந்தது. என் பார்வையில், ராண்டல் பார்க்கின் முடிவு அதன் திறப்பு விழாவுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது என்று சொல்வதற்கு இந்த எண்கள் போதும்.

[காட்சி: மாலின் தரைப்படம். ஐந்து பெரிய பெட்டிகள், நடுவே சிறு கட்டங்கள்.]

இனி மாலின் உள்ளே நடக்கும் பொருளாதாரத்துக்கு வருவோம், ஏனென்றால் சரிவு ஏன் இவ்வளவு வேகமாக நிகழ்ந்தது என்பதற்கான விடை அங்கேதான் இருக்கிறது. படத்தில் ஓரங்களில் தெரியும் பெரிய பெட்டிகளை ஆங்கர் கடைகள், அதாவது நங்கூரக் கடைகள் என்பார்கள். கூட்டத்தை இழுத்து வருவது அவை. அதனால் அவற்றுக்கு வாடகை மிகக் குறைவு. பல மால்களில் தாம் நிற்கும் கட்டடமும் அதன் அடியில் உள்ள நிலமும் அவற்றுக்கே சொந்தம். வாடகைச் சுமையைத் தாங்குவது நடுவே உள்ள சிறு கடைகள். செருப்புக் கடைக்காரரும் நகைக் கடைக்காரரும் சதுர அடிக்குக் கூடுதல் வாடகை கொடுப்பார்கள்; விற்பனை ஓர் அளவைத் தாண்டினால் அதிலும் ஒரு பங்கு கொடுப்பார்கள்; எஸ்கலேட்டர், துப்புரவு, காவல், கார் நிறுத்துமிடம் ஆகியவற்றின் பராமரிப்புச் செலவையும் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வார்கள். ஒரு பெரிய கடையிலிருந்து இன்னொரு பெரிய கடைக்கு நடந்து போகிறவர் தம் கண்ணாடிக் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும் என்ற நம்பிக்கைக்குக் கொடுக்கும் விலை அது.

ஆகவே அவர்கள் குத்தகைப் பத்திரத்தில் ஒரு நிபந்தனையை எழுதி வாங்குவது வழக்கம். குறிப்பிட்ட ஆங்கர் கடை மூடினால், அல்லது மொத்தக் கடைகளில் இத்தனை பங்கு காலியானால், தமக்கு வாடகை குறைய வேண்டும். சில மாதங்களில் மாற்றுக் கடை வராவிட்டால் பத்திரத்தை முறித்துக்கொண்டு போக உரிமை வேண்டும். நல்ல காலத்தில் யாரும் புரட்டிப் பார்க்காத அந்தப் பத்தி, முதல் பெரிய கடை விளக்கணைத்த அன்று உயிர் பெறுகிறது. ஒரு கடை போனால் பத்துக் கடைகளின் வாடகை குறைகிறது. வாடகை குறைந்தால் உரிமையாளர் பராமரிப்பைக் குறைக்கிறார். கூரைக் கண்ணாடி ஒழுகுகிறது, செயற்கை ஊற்று வறண்டு கிடக்கிறது, எஸ்கலேட்டர் ஓடாமல் வெறும் படிக்கட்டாகிறது. அதைக் கண்டு வாடிக்கையாளர் விலகுகிறார். அடுத்த பத்துக் கடைகள் போகின்றன.

ராண்டல் பார்க்கில் நங்கூரங்கள் அறுந்ததற்கு மாலின் விற்பனை மட்டும் காரணமில்லை. அந்த டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் தலைமையகங்களே ஒன்றை ஒன்று விழுங்கிக்கொண்டிருந்தன. ஹார்ன்ஸ் 1990களின் தொடக்கத்தில் வெளியேறியது. கிளீவ்லாந்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சென்று வந்த ஹிக்பீஸ் 1992-இல் டில்லார்ட்ஸ் ஆனது. மே கம்பெனி 1993-இல் காஃப்மன்ஸ் ஆனது. பெயர்ப்பலகை மாறும்போது கணக்கும் மாறும். தொலைவில் இருந்து நூற்றுக்கணக்கான கிளைகளைப் பட்டியலில் பார்க்கும் ஒரு நிர்வாகத்துக்கு, நார்த் ராண்டல் கிளை ஒரு வரி மட்டுமே. ஜேசிபென்னியும் டில்லார்ட்ஸும் 2000களின் தொடக்கத்தில் போய்விட்டன. கடைசிவரை நின்ற சியர்ஸ் 2009-இல் மூடியது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சுற்றியிருந்த புறநகர்களில் கறுப்பினக் குடும்பங்கள் குடியேறத் தொடங்கியதும், வெள்ளையர் பலர் வீட்டை விற்றுவிட்டு மேலும் வெளியே நகர்ந்தனர். சங்கிலிக் கடைகளும் அவர்கள் பின்னால் சென்றன. புதிதாக வந்தவர்களும் சம்பாதிக்கிறவர்கள், வாங்குகிறவர்கள்தாம். கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன், பெரிய நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத கறுப்பினப் பகுதிகளில் திரையரங்குகள் தொடங்கிவந்தார். ராண்டல் பார்க்கிலும் 1999-இல் ஒன்றைத் திறந்தார். படம் பார்க்கக் கூட்டம் வரும் என்பதை அவர் கண்டிருந்தார். ஆனால் படம் முடிந்து வருகிறவர்கள் நுழைவதற்குக் கடைகள் குறைந்துகொண்டே போயின.

[காட்சி: மூடிய மாலின் உட்புறம். ஒரு சுவர், மிக அருகில்.]

இந்தச் சுவரைச் சற்று நேரம் பாருங்கள். பெயர்ப்பலகையின் எழுத்துகளைக் கழற்றிவிட்டார்கள். எழுத்துகள் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, சுற்றிலும் முப்பது ஆண்டு அழுக்கு படிந்திருக்கும். மால்களைப் படம் பிடிக்கிறவர்கள் இதைப் பெயர்ப்பலகைத் தழும்பு என்பார்கள். கடை போய்விட்டாலும் அதன் பெயரைச் சுவர் வாசித்துக் காட்டிக்கொண்டே இருக்கும்.

மூடிய மால் உடனே இடிபடுவதில்லை. ஒவ்வொரு ஆங்கர் கட்டடத்துக்கும் தனி உரிமையாளர் இருந்தால், ஒருவர் ஒப்புக்கொண்டு இன்னொருவர் மறுத்தால், வாகன நிறுத்துமிடத்தைக்கூட மாற்ற முடியாது. ராண்டல் பார்க் ஐந்து ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. 2014 டிசம்பரின் இறுதியில் இடிப்பு தொடங்கியது. அந்த இடைவெளியில் மாலிலிருந்து வந்துகொண்டிருந்த வருமான வரியை நார்த் ராண்டல் இழந்து நின்றது. 2010 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை ஆயிரத்தைச் சற்றே தாண்டியிருந்தது.

[காட்சி: வானிலிருந்து, இன்றைய நிலம்]

2018-இல் அதே நிலத்தில் அமேசானின் கிடங்கு திறக்கப்பட்டது. தரைப்பரப்பு எட்டரை லட்சம் சதுர அடி. 2,000 வேலைகள் வரும் என்று அறிவித்திருந்தார்கள். 1970களின் அந்த ஐந்து மால்களில் யூக்ளிட் ஸ்குவேர், ரோலிங் ஏக்கர்ஸ் ஆகிய இரண்டின் நிலமும் இதே நிறுவனத்தின் கிடங்குகளாக மாறிவிட்டது. டிபார்டொலோ விமானத்திலிருந்து எதைத் தேடினாரோ அதையேதான் கிடங்கு கட்டுகிறவர்களும் தேடுகிறார்கள்: சமதளமான பெருநிலம், நெடுஞ்சாலை இறக்கம், ஏற்கெனவே புதைத்து வைத்த தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும். நார்த் ராண்டல் ஊராட்சிக்கு மீண்டும் சம்பள வரி வருகிறது. ஆனால் பொருள் வாங்க அந்த நிலத்துக்கு இப்போது யாரும் வருவதில்லை. பெட்டிகள் ஏறிய லாரிகள் ஐ-480 நோக்கி வெளியே செல்கின்றன.

அருகில் இருந்த திஸில்டவுன் பந்தய மைதானம் மட்டும் இன்றும் இருக்கிறது. 2013-இல் அதனுடன் சூதாட்டக் கூடம் ஒன்றையும் சேர்த்துவிட்டார்கள். பந்தயப் பருவத்தில், குதிரைகள் அங்கே இன்னமும் ஓடுகின்றன.