வாத்தை எங்கே விடுவது?

வணக்கம். சிறுவர் கதை ஒன்றை மொழிபெயர்த்தபோது எனக்கு வந்த ஒரு சிக்கலைத்தான் இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன். கதையின் முதல் வரியிலேயே ஒரு வாத்து தண்ணீரில் இறங்குகிறது. ஆங்கிலத்தில் அந்தத் தண்ணீருக்குச் சின்னதாக ஒரே சொல். அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் குளமா, குட்டையா, பொய்கையா என்று பேனா நின்றுவிட்டது. அகராதியைப் புரட்டினேன். எல்லாவற்றுக்கும் ‘நீர்நிலை’ என்று போட்டிருந்தார்கள். வாத்து கரையிலேயே நின்றுகொண்டிருந்தது.

பெரியது ஏரி, நடுத்தரம் குளம், சிறியது குட்டை என்று நம்மில் பலர் சட்டை அளவு மாதிரி ஒரு வரிசையை மனத்தில் வைத்திருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கிளிநொச்சியில் உள்ள இரணைமடு எவ்வளவு பெரிய நீர்த்தேக்கம்! அதன் பெயர் இரணைமடுக் குளம். கோயம்புத்தூர் உக்கடத்தில் இருப்பது பெரியகுளம். இன்னொரு பக்கம், கைவிட்ட கல்குவாரியில் மழைத் தண்ணீர் சேர்ந்து நூறடி ஆழம் நின்றாலும், செய்தித்தாளில் அது ‘கல்குவாரிக் குட்டை’தான். ஆக, அளவு பார்த்துப் பெயர் வைக்கவில்லை. அந்தத் தண்ணீர் யாருக்கு, எதற்கு, எப்படி நிற்கிறது என்று பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதை முதலில் எனக்குக் காட்டிக்கொடுத்தவை பழமொழிகள். ‘ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்’ என்கிறோம். தென்னை மட்டையைக் கொண்டுபோய் ஊறப்போடுகிற இடம் குட்டை. தண்ணீர் நாறும், நிறம் மாறும், யாரும் கேட்க மாட்டார்கள். ‘குட்டையைக் குழப்பாதே’ என்பதும் அந்த இடம்தான். அடியில் சேறு இருந்தால்தானே குழப்ப முடியும்? ‘குளத்தோடு கோபித்துக்கொண்டு கால் கழுவாமல் போனானாம்’ என்பதில் குட்டையைப் போட்டுச் சொல்லிப் பாருங்கள். பழமொழி செத்துவிடும். குட்டையோடு கோபித்துக்கொண்டால் யாருக்கு நஷ்டம்? கால் கழுவுவதும் குளிப்பதும் குளத்தில். அதனால்தான் புதிதாக வந்த ஒன்றுக்குப் பெயர் வைக்கும்போதும் ‘நீச்சல் குளம்’ என்று தயக்கமில்லாமல் வந்தது. நீச்சல் ஏரி என்றோ நீச்சல் குட்டை என்றோ யாரும் யோசித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வயலில் மழைநீர் பிடிக்க வெட்டும் பள்ளத்துக்குப் ‘பண்ணைக் குட்டை’ என்று பெயர் வைத்தவருக்கும் காது சரியாக வேலை செய்திருக்கிறது.

ஏரி என்றால் வயல். சரிவான நிலத்தில், பள்ளமான பக்கம் மண்ணை வில்லாக வளைத்துக் கரை போடுவார்கள்; மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும், மழைத் தண்ணீர் அந்த வழியாக வந்து சேரும். கரையில் தண்ணீர் திறந்துவிட மதகு, அதன் கீழே அந்தத் தண்ணீர் பாயும் வயல்களான ஆயக்கட்டு, நிரம்பினால் மிச்சம் வெளியேறக் கலங்கல். இவ்வளவும் சேர்ந்ததுதான் ஏரி. இதே அமைப்பை மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய் என்கிறார்கள். பேச்சில் கம்மாய். திருநெல்வேலிக்குப் போனால் அதுவே குளம், ஈழத்திலும் குளம். யார் சொல்வது சரி என்று சண்டை வேண்டாம். ஆனால் புறநானூற்றின் 118ஆம் பாட்டில் கபிலர், எட்டாம் நாள் பிறை போல வளைந்த கரையுடைய ‘சிறுகுளம்’ என்று பாடுகிறார். பாறையும் குன்றும் இரு பக்கம் நிற்க, நடுவே வளைந்து கிடக்கும் கரை. தமிழ்நாட்டின் வடக்கே இருப்பவர்கள் இன்று பார்த்தால் ஏரி என்பார்கள். பழைய வழக்கைத் தெற்கும் ஈழமும் இன்னும் விடாமல் வைத்திருப்பதாகவே எனக்குப் படுகிறது. தாங்கல், ஏந்தல் என்றும் பெயர்கள் உண்டு. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்று ஊர்ப்பெயரில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. தண்ணீரைத் தாங்குவதும் ஏந்துவதும்தான் வேலை, வேலையே பெயராகிவிட்டது.

ஊருணி எனக்குப் பிடித்த சொல். ஊர் உண்ணும் தண்ணீர். பழந்தமிழில் தண்ணீரையும் ‘உண்டார்கள்’. அதனால் அதில் குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாடு இறக்கக் கூடாது. இவ்வளவு சட்டமும் பெயருக்குள்ளேயே இருக்கிறது. வள்ளுவர் 215ஆம் குறளில், பேரறிவாளனின் செல்வம் ஊருணியில் நீர் நிறைந்தது போல என்றார். ஏரி என்றோ குளம் என்றோ சொல்லியிருக்கலாம். ஏரித் தண்ணீர் ஆயக்கட்டில் நிலம் உள்ளவனுக்கு; ஊருணித் தண்ணீர் குடம் எடுத்து வருகிற எல்லோருக்கும் என்பது அல்லவா எண்ணம்? பார்த்துப் பொறுக்கிப் போட்ட சொல் அது.

கேணிதான் ஆளைக் குழப்பும். தமிழ்நாட்டில் பலருக்குக் கேணி என்றால் கிணறு. யாழ்ப்பாணத்தில் கோயில் பக்கத்தில் படி கட்டி, சுற்றிக் கல் வைத்து இருப்பது கேணி. சென்னையில் திருவல்லிக்கேணி இருக்கிறது. அல்லி பூக்க வேண்டுமென்றால் அது நாம் நினைக்கிற உறைக்கிணறாக இருந்திருக்க முடியாது. குறளிலோ ‘தொட்டனைத்து ஊறும் மணற்கேணி’. தொடுவது என்றால் தோண்டுவது. வறண்ட ஆற்று மணலில் முழங்கை ஆழத்துக்குக் கையால் பறிக்கிறார்கள். கொஞ்சம் பொறுத்தால் ஓரத்து மணல் கறுக்கும், அப்புறம் கசியும். முதலில் வரும் கலங்கிய தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளிந்ததைக் கொட்டாங்குச்சியில் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். இன்று அதற்கு ஊற்று என்று பெயர். வள்ளுவர் காலத்தில் கேணி.

துரவு என்ற சொல்லுக்கு வேறு விதமான கதி. பெரிய கிணறு என்று பொருள். தனியாக அதை யாரும் சொல்வதில்லை. ‘தோட்டம் துரவு’ என்று சேர்த்துச் சொல்கிறோம், சொத்து பற்றிப் பேசும்போது. தண்ணீர் வற்றிப்போய்ப் பெயர் மட்டும் நிற்கிறது.

மலைக்குப் போனால் சுனை. பாறையிடுக்கில் ஊறித் தங்குவது, யாரும் வெட்டவில்லை. ஆற்றுக்குள்ளேயே ஆழமாகத் தண்ணீர் தங்கும் இடம் மடு. யானையின் காலை முதலை பிடித்த கதையை மடுவில் வைத்துச் சொன்னவர்கள் விவரம் தெரிந்தவர்கள்: தெரியாமல் கால் வைத்தால் உள்ளே இழுக்கும் இடம் அதுதான். பொய்கைக்கு ‘மானிடர் ஆக்காத நீர்நிலை’ என்று பழைய உரை சொல்கிறது. வாவியும் தடாகமும் வடசொல் வழி வந்தவை. மட்டக்களப்பில் கடலோடு சேரும் அகன்ற உவர்நீர்ப் பரப்புக்கு வாவி என்றே பெயர். தடாகம், என் அபிப்பிராயத்தில், தாமரை இல்லாமல் வெளியே வருவதில்லை.

சரி, வாத்துக்கு வருகிறேன். கதையில் கரையில் படிக்கட்டு இல்லை, குளிப்பவர் யாரும் இல்லை. சேற்றில் வாத்தின் கால் புதைகிறது, பக்கத்தில் ஒரு பன்றி படுத்திருக்கிறது. ஆகவே குட்டை என்று எழுதி அனுப்பினேன். அச்சாகி வந்த புத்தகத்தைத் திறந்தால், யாரோ அதைத் ‘தடாகம்’ என்று திருத்தியிருக்கிறார்கள். பன்றி அப்படியே படுத்திருக்கிறது. வணக்கம்.