கண்ணு தெரியாது, ஒருக்களிச்சு நீந்தும்! கங்கை டால்பினுக்கு என்னதான் பிரச்சனை?

வணக்கம் மக்களே! ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கோங்க. வண்டி ஓட்டிக்கிட்டே கேக்குறவங்க தயவுசெஞ்சு மூடாதீங்க!

கங்கை டால்பின் பொறந்ததுல இருந்தே இப்படித்தான். கண்ணு இருக்கு, உள்ள லென்ஸ் இல்ல. வெளிய பாத்தா குண்டூசி குத்தின ஓட்டை மாதிரி இருக்கும். வெளிச்சமா இருட்டான்னு தெரியும், அவ்வளவுதான்.

வரலாறை வேகமா முடிச்சிடுறேன். 1991-ல பீகார்ல, சுல்தான்கஞ்ச்ல இருந்து கஹல்காவ் வரைக்கும் கங்கையில டால்பினுக்குன்னே சரணாலயம். 2009-ல தேசிய நீர்வாழ் விலங்கு. 2025-ல வந்த கணக்குப்படி நாட்டுல ஆத்து டால்பின் மொத்தம் 6,327. அதுல மூணே மூணு, பஞ்சாப்ல பியாஸ் ஆத்துல இருக்கிற சிந்து டால்பின்ங்கிற வேற வகை. மத்ததெல்லாம் கங்கை டால்பின். பாவம், அந்த மூணுக்குத் தனி வீடியோவே போடணும்.

[திரையில்: ஒருக்களிச்சு நீந்தும் டால்பின்]

இப்ப எனக்குப் பிடிச்ச இடம். கங்கைத் தண்ணி டீ மாதிரி கலங்கல். அதுல இது பக்கவாட்டுல சாஞ்சு, ஒரு துடுப்பை அடிமண்ணுல உரசிக்கிட்டே போகும். கரண்ட் போனா நாம செவுத்தைத் தடவிக்கிட்டு மெழுகுவத்தி தேடுவோம்ல, அதேதான்! கூடவே 'டிக் டிக்'னு ஓயாம சத்தம் விட்டு, எதிரொலியை வச்சே மீன் எங்கன்னு கண்டுபிடிக்கும். ஆனா வலையோட மெல்லிசு நைலான் நூல்ல இருந்து எதிரொலி சரியா வராது. நேரா போய் மாட்டிக்கும். மாட்டினா மேல வந்து மூச்சு விட முடியாது, ஆத்துக்குள்ளயே மூச்சு முட்டிச் செத்துடும். மூச்சு விடுற சத்தத்தை வச்சுத்தான் ஊர்க்காரங்க அதுக்கு 'சூன்ஸ்'னு பேரே வச்சாங்க. அந்த மூச்சுதான் போகுது.

இன்னொரு கொடுமை, எண்ணெய். டால்பின் கொழுப்பை உருக்கித் தண்ணியில சொட்டு சொட்டா விட்டா சில கெளுத்தி வகை மீன் ஓடி வரும். அதுக்காகவே டால்பினைக் கொன்னிருக்காங்க. பாட்னா பேராசிரியர் ஆர்.கே. சின்ஹா மீன் கழிவுல எடுத்த எண்ணெயை விட்டுப் பாத்தாரு. அதுக்கும் மீன் வந்துச்சு! மீனவரைத் திட்டாம, அவர் கையில வேற பாட்டிலைக் குடுத்துட்டாரு. என்னைக் கேட்டா அந்த மனுஷனுக்கு ஒரு விசில் போடலாம்.

சரி, ஆறு? டால்பின் தங்குறது மடுவுலதான். ஆறு வளையுற இடம், ரெண்டு ஆறு கலக்குற இடம், அங்கெல்லாம் பள்ளமா தண்ணி நிக்கும். மேல தடுப்பணை கட்டிக் கால்வாய்ல திருப்பிட்டா கோடையில மடு சுருங்கிடும். அணைக்கு இந்தப் பக்கம் இருக்கிற கூட்டம் அந்தப் பக்கம் போகவும் முடியாது. அதனால சரணாலயம்னு போர்டு வச்சா மட்டும் பத்தாது, கோடையிலயும் அணையில இருந்து தண்ணி விடணும். மணல் அள்ளுறவங்க மடுவைத் தொடக்கூடாது.

உங்க ஊர் ஆத்துல மடு இருக்கா? அதுக்கு என்ன பேரு, இப்ப அதுல தண்ணி இருக்கா? கமெண்ட்ல சொல்லுங்க, நான் எல்லாத்தையும் படிப்பேன்.