பாதியில் நிற்கிறவர் பேசட்டும்

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கிற அண்ணாச்சிமாரே, மதினிமாரே, இடமில்லாமல் வாசலில் நின்றுகொண்டு கேட்கிற பாளையங்கோட்டைச் சொந்தங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

தாமதமாக வந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மாயக்கதையும் அறிவியல் புனைகதையும் வாசிக்கிறவர்கள் தங்களுக்குள் பேச வேண்டியது புத்தகத்தை முடித்த பிறகா, படித்துக்கொண்டிருக்கும்போதா? 'முடித்த பிறகே' என்று எதிரணி வாதாடிவிட்டது. 'படித்துக்கொண்டிருக்கும்போதே' என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் அண்ணாச்சி மூன்று காரணம் சொன்னார். பேசினால் கதையின் முடிச்சு அவிழ்ந்துபோகும். பாதி படித்தவரின் கருத்து பாதிக் கருத்து. மூன்றாவது, ஒருத்தர் மனசுக்குள் கட்டுகிற உலகத்தில் அடுத்தவர் குரல் புகுந்தால் அது கலைந்துவிடும். இந்த மூன்றாவது காரணத்தில் கனம் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முடிச்சை அவிழ்ப்பது யார், நடுவர் அவர்களே? முடித்தவர்தானே! 'கடைசியில் அந்த ராசா செத்துப்போவான் பாரு' என்று சொல்லக் கூடியவர் கடைசிப் பக்கத்தைப் பார்த்தவர். 200-ஆம் பக்கத்தில் நிற்கிறவரிடம் போட்டு உடைக்க முடிவு என்று ஒன்று கிடையாது. அவரிடம் இருப்பதெல்லாம் சந்தேகமும் ஆசையும் பயமும். முடிச்சு அவிழக் கூடாது என்ற கவலை எதிரணிக்கு நிஜமாகவே இருந்தால், அவர்கள் எழுந்து வந்து எங்கள் பக்கம் உட்கார வேண்டும்.

நாங்கள் சில வாசக நண்பர்கள் சனிக்கிழமை சாயங்காலம் வ.உ.சி. மைதானத்துப் பக்கம் கூடுகிறோம். உட்கார்ந்ததும் முதல் கேள்வி, 'எதுவரைக்கும் வந்திருக்கிய?' கூட்டத்தில் யார் எல்லாருக்கும் பின்னால் நிற்கிறாரோ, அவர் நிற்கிற அத்தியாயத்தைத் தாண்டி ஒருவரும் வாய் திறப்பதில்லை. இதைப் பத்து வயசுப் பிள்ளைகூட ஒழுங்காகக் கடைப்பிடிக்கும்.

முடிவு தெரிந்தால் கதை செத்துவிடும் என்பதையும் நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். நம்ம ஊர்ச் சுடலை கோயில் கொடையை நினைத்துப் பாருங்கள். வில்லுப்பாட்டில் சுடலை பிறந்த கதை தொடங்குகிறது. பார்வதி ஏந்திய முந்தானையில் விளக்குச் சுடர் தெறித்து விழுகிறது, அது பிள்ளையாகிறது, அந்தப் பிள்ளை நடுச்சாமத்தில் சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்கிறது. உலகத்தின் எந்த மாயக்கதைக்கும் குறையாத கதை. எதிரே உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கு முடிவு தெரியாதா? சின்னப்பிள்ளையில் இருந்து கேட்கிறாள், இன்றைக்கும் விடிய விடிய கேட்கிறாள். பாடுகிறவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுகிறார். அந்த ஆமா இல்லாமல் கதை அடுத்த அடி வைக்காது. கதை முடிந்த பிறகு மொத்தமாக ஒரு ஆமா போட்டுக்கொள்ளலாம் என்று எந்தக் கொடையிலும் யாரும் சொன்னதில்லை. கதையின் நடுவில் குரல் கொடுப்பது இந்த மண்ணுக்குப் பழக்கப்பட்ட விஷயம்.

அடுத்தது, பாதிக் கருத்து. ஒரு கதையைச் சொல்கிறேன், பாதி மட்டும். ஐசக் அசிமோவ் எழுதி 1942-இல் ஒரு பத்திரிகையில் வந்தது. இடம் புதன் கிரகம். அங்கே இருக்கிற இரண்டு மனிதர்கள் உயிர் பிழைக்க வேண்டுமானால் செலினியம் என்ற தனிமம் வேண்டும். எடுத்து வா என்று ஒரு ரோபோவை அனுப்புகிறார்கள். போனது திரும்பவில்லை. தேடிப் போய்ப் பார்த்தால், அது செலினியக் குட்டையைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது, குடித்தவனைப் போலப் பாட்டு வேறு. அதன் உடம்பில் பழுது ஒன்றும் இல்லை. ரோபோவுக்கு மூன்று விதிகள் உண்டு. அவற்றை அசிமோவ் முழுசாக எழுதி வைத்ததே இந்தக் கதையில்தான். மனிதனுக்குத் தீங்கு செய்யக் கூடாது, தீங்கு நேரவும் விடக் கூடாது. மனிதன் இட்ட கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும். தன்னையும் காத்துக்கொள்ள வேண்டும். முந்தின விதிக்கு அடங்கித்தான் பிந்தின விதி. அப்படியானால் அது ஏன் சுற்றுகிறது?

பதிலை நான் இங்கே சொல்லப் போவதில்லை. எங்கள் கூட்டத்தில் இந்த இடத்தில் எல்லாரும் புத்தகத்தை மடித்து வைத்தோம். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணாச்சி, 'வெயில் சூட்டுல சர்க்யூட் பழுதாகியிருக்கும்' என்றார். கல்லூரியில் படிக்கிற பிள்ளை ஒருத்தி, 'பழுது இல்லைன்னு எழுதியிருக்கே, விதிகளுக்குள்ளதான் சண்டை' என்றாள். அந்தச் சண்டை எப்படி என்று அன்றைக்கு இருட்டும் வரை விவாதம். யார் ஊகம் சரி, யார் ஊகம் தப்பு என்பது இருக்கட்டும். எழுதியவர் வாசகனை ஏமாற்றாமல் எல்லாச் சீட்டையும் மேசையில் விரித்து வைத்துத்தான் ஆடுகிறார் என்பது அந்த விவாதத்தில்தான் எங்களுக்கு விளங்கியது. முடித்த பிறகு கூடியிருந்தால் 'நல்லா இருந்துச்சு' என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்போம். ஊகம் என்பது முடிவு தெரியாத வரைக்கும்தான்.

அப்புறம், முடித்த பிறகே பேசு என்றால் சில வாசகர்கள் என்ன செய்வார்கள்? ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் பெரிய மாயக்கதை வரிசையில் முதல் புத்தகம் 1996-இல் வந்தது, ஐந்தாவது 2011-இல். ஆறாவதற்குப் பத்து வருஷத்துக்கு மேலாகக் காத்திருக்கிறார்கள். ராபர்ட் ஜோர்டான் 1990-இல் தொடங்கிய வரிசையை அவரால் முடிக்க முடியவில்லை, 2007-இல் காலமாகிவிட்டார். அவருடைய குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் முடித்தபோது வருஷம் 2013, புத்தகம் பதினான்கு. முதல் புத்தகத்தை வாங்கியவரை 23 வருஷம் வாய்மூடி இருக்கச் சொல்ல எதிரணிக்கு மனசு வருமா?

தமிழுக்கு வருவோம். எண்பதுகளில் ஆனந்த விகடனில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தொடராக வந்தது. ஜீனோ என்கிற பேசும் இயந்திர நாய் வீட்டுக்கு வீடு செல்லப்பிள்ளை ஆனது வாராவாரம்தான். அடுத்த வாரப் பக்கம் அச்சே ஆகாதபோது, 'முடிச்சிட்டுப் பேசுவோம்' என்று யார் இருந்தார்கள்? வீட்டிலும் ஆபீசிலும் முடி வெட்டுகிற கடையிலும் பேசினார்கள். அதற்கும் முன்னால் 1972-இல் பக்கத்துச் சிவகாசியில் இருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். ஒரு புத்தகத்துக்கு மேலே ஐந்து தலை குனிந்து படித்த தலைமுறை இந்தக் கூட்டத்தில் இருக்கிறது, எனக்குத் தெரியும்.

பாலைவனக் கிரகம் ஒன்றில் நடக்கிற, ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' நாவலை இன்றைக்குத் தலையணை அளவில் ஒரே புத்தகமாக வாங்குகிறோம். அதன் முதல் வாசகர்களுக்கு அது அப்படிக் கிடைக்கவில்லை. ஒரு மாதப் பத்திரிகையில் 1963 டிசம்பரில் தொடங்கி 1964 பிப்ரவரியில் ஒரு பகுதி நின்றது. அடுத்த பகுதி தொடங்கியது 1965 ஜனவரியில். கிட்டத்தட்ட ஒரு வருஷம் பாலைவனத்தின் நடுவில் நின்றார்கள். நின்றவர்கள் சும்மா இருந்திருப்பார்களா? அந்த மாதிரிப் பத்திரிகைகளில் வாசகர் கடிதம் என்பது ஒரு பெரிய பகுதி. 1926-இல் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற அறிவியல் புனைகதைப் பத்திரிகையைத் தொடங்கி, கடிதம் எழுதியவர்களின் முழு முகவரியையும் அச்சிட்டார். வாசகர்கள் அதைப் பார்த்து ஒருத்தருக்கொருத்தர் எழுதினார்கள், தேடிப் போய்ச் சந்தித்தார்கள், மன்றம் வைத்தார்கள். 1939-இல் நியூயார்க்கில் அறிவியல் புனைகதைக்கென்று முதல் உலக மாநாடே கூட்டிவிட்டார்கள்.

இன்னும் பின்னால் போகிறேன், இந்த வகை எழுத்து பிறந்த இடத்துக்கு. 1815-இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசி வானத்தை மூடியதில் அடுத்த வருஷம் ஐரோப்பாவுக்குக் கோடையே ஒழுங்காக வரவில்லை. 1816-இல் ஜெனிவா ஏரிக்கரையில் மழை விடாமல் பெய்ய, ஆங்கிலக் கவிஞர்கள் பைரன், ஷெல்லி, ஷெல்லியின் காதலி மேரி, மேரியின் சகோதரி முறையான கிளேர், பைரனின் வைத்தியர் போலிடோரி என்று ஐந்து பேர் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தார்கள். கையில் கிடைத்தது ஒரு பேய்க்கதைத் தொகுப்பு, ஜெர்மன் கதைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. அதைச் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தபோதுதான் பைரன் சொன்னார், நாம் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று. மேரிக்கு அப்போது 18 வயசு. 'கதை யோசித்தாயா' என்று தினமும் காலையில் கேட்டார்கள், இல்லை என்றே சொல்ல வேண்டியிருந்தது என்று பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பெண் கடைசியில் எழுதி 1818-இல் வெளிவந்ததுதான் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. அறிவியல் புனைகதையின் தாய் என்று பலரும் சொல்கிற நாவல், ஐந்து பேர் தாங்கள் படித்துக்கொண்டிருந்ததைப் பற்றிப் பேசியதில் முளைத்தது. ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்திருந்தால்?

அந்த நாவலை 'பிரேத மனிதன்' என்று தமிழில் தந்தவர் யார் தெரியுமா? நம்ம திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பி.ஏ. படித்த புதுமைப்பித்தன். ஜெனிவா ஏரியில் பெய்த மழை ஒருவழியாகத் தாமிரபரணி வந்து சேர்ந்தது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

சரி, அண்ணாச்சியின் மூன்றாவது காரணம். தனியாக உட்கார்ந்து படிக்கையில் ஒருத்தர் மனசில் எழும்புகிற மலையும் நகரமும் அவருக்கே சொந்தம், அதில் அடுத்தவர் நுழையலாமா? இந்தக் கேள்வியில் வாசகன் மேல் அக்கறை இருக்கிறது, மதிக்கிறேன். ஆனால் ஒரு மனிதர் தனக்குள் கட்டிய உலகம் என்றால் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்ற மாயக்கதை நாவலுக்காக டோல்கீன் கட்டியதைவிட அந்தரங்கமானது ஏது? மொழிகள், வம்சாவளிகள், வரைபடங்கள் என்று பல வருஷம் தனியாகவே கட்டினார். ஆனாலும் ஆக்ஸ்போர்டில் எழுத்தாளர் நண்பர் சி. எஸ். லூயிஸின் அறையில் நண்பர்கள் கூடும்போது, முடியாத கதையைத்தான் அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துக் காட்டினார். அதில் ஒரு நண்பருக்கு அந்தக் கதை பிடிக்காமல் வெளிப்படையாகவே சலித்துக்கொண்டார். அதனால் உலகம் கலைந்ததா? லூயிஸ் மேலும் மேலும் கேட்டிருக்காவிட்டால் தான் அந்த நாவலை முடித்தே இருக்கமாட்டேன் என்று டோல்கீன் எழுதியிருக்கிறார். படைத்தவருக்கே பாதியில் துணை தேவைப்பட்டிருக்கிறது. படிக்கிறவருக்கு வேண்டாமா?

இதை நான் வெறும் வாதத்துக்காகச் சொல்லவில்லை. நம்ம பக்கத்தில் இந்தப் புத்தகங்களைப் படிக்கிற பிள்ளைகள் ரொம்பத் தனியாகக் கிடக்கிறார்கள். 'பரீட்சைக்குப் படிக்காம என்ன டிராகன் கதை' என்று வீட்டில் ஏச்சு. எட்டயபுரத்துப் பாரதி 1910-லேயே 'ஞானரதம்' என்ற தன் நூலில் ரதமேறி வேற்றுலகம் போனவர் என்று அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருந்து பஸ்ஸில் வருகிற ஒரு மாணவி, சீன எழுத்தாளர் லியூ சிக்சினின் 'மூன்று உடல் சிக்கல்' நாவலை ஆங்கிலத்தில் எடுத்தாள். தொடக்கமே 1967-ஆம் வருஷத்துக் கலாச்சாரப் புரட்சி. அந்த அரசியல் தெரியாது, சீனப் பெயர்கள் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தன, போதாக்குறைக்கு இயற்பியல். மூடி வைத்துவிட்டாள். எங்கள் கூட்டத்துக்கு வந்து, 'எனக்கு மண்டையில ஏறல' என்றாள். ஒருவர் அந்தப் புரட்சிக் காலத்தை விளக்கினார். இன்னொருவர் பெயர்களைச் சின்னச் சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தார். மூன்று சூரியன் இருந்தால் கிரகத்தின் கதி என்ன என்று மின்வாரிய அண்ணாச்சி மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினார். அவள் முடித்தாள், அடுத்த பாகமும் வாங்கிவிட்டாள். முடித்த பிறகு வா, பேசலாம் என்று நாங்கள் சொல்லியிருந்தால் அவள் முடித்திருக்கவே மாட்டாள், நடுவர் அவர்களே.

மணி அடிக்க நடுவர் கை போகிறது, பார்த்துவிட்டேன். ஒன்றே ஒன்று சொல்லி உட்காருகிறேன். நான் இப்போது படிப்பது உர்சுலா லெ குவினின் 'எர்த்சீ' வரிசையில் முதல் நாவல், 1968-இல் வந்தது. கெட் என்ற இளம் மந்திரவாதி கர்வத்தில் ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிட்டான். இதுவரைக்கும் அது அவனைத் துரத்தியது. நான் நிற்கிற இடத்தில் அவன் திரும்பி, அதைத் துரத்தக் கடலில் இறங்கிவிட்டான். அந்த நிழலுக்குப் பெயர் இல்லை என்கிறார் ஒரு மந்திரவாதி, எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு என்கிறார் அவனுடைய குரு. எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது, நேற்று ராத்திரி தூங்கவிடவில்லை. தீர்ப்பு முடிந்ததும் மேடைக்குப் பின்னால் நிற்பேன். எர்த்சீ பாதியில் நிற்கிறவர்கள் வாருங்கள். முடித்தவர்களும் வரலாம், ஆனால் நான் ஊகத்தைச் சொல்லும்போது முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். வணக்கம்.