அறுத்த செடி எங்கே போகும்?

நண்பர்களே,

சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் குய்யூ என்று ஓர் ஊர். உலகத்தின் பழைய கம்ப்யூட்டர்கள் பல ஆண்டுகளாகப் பெருமளவில் அங்கே போய்க் குவிந்தன. சர்க்யூட் போர்டுகளைச் சூடுகாட்டிச் சில்லுகளைக் கழற்றினார்கள். தங்கத்துக்காக அமிலத்தில் ஊறவைத்தார்கள், செம்புக்காக ஒயர்களைக் கொளுத்தினார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்ததை சாந்தோ பல்கலைக்கழகத்தார் அளந்து சொன்னார்கள். 2015 வாக்கில் பட்டறைகளைத் தொழிற்பேட்டைக்குள் கொண்டுபோனார்கள். பட்டறை போய்விட்டது, மண்ணில் இறங்கிய ஈயமும் காட்மியம் என்ற நச்சு உலோகமும் தானாகப் போய்விடாது.

அதைச் செடி வைத்து எடுக்கலாமா? எடுக்கலாம். ஜெஜியாங் மாகாணத்தின் பழைய ஈய, துத்தநாகச் சுரங்க நிலத்தில் 'சீடம் ஆல்ஃபிரெடி' என்ற சிறு செடி செழிப்பாக வளர்வதைக் கண்டார்கள். மற்றச் செடிகள் கருகிப்போகும் அளவு காட்மியத்தை அது உறிஞ்சித் தண்டிலும் இலையிலும் சேர்த்துவைக்கிறது.

சரி, எவ்வளவு காலம் ஆகும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் மேல்மண் 20 சென்டிமீட்டர் என்றால் சுமார் 1,000 டன். கிலோவுக்கு 2 மில்லிகிராம் காட்மியம் குறைக்க வேண்டுமென்றால், மொத்தம் 2 கிலோ வெளியே வர வேண்டும். ஒரு போகத்தில் 2 டன் உலர்ந்த செடி கிடைக்கிறது, அதில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருவது 200 கிராம்தான். அப்படியே 10 போகம்! அதுவரை அந்த நிலத்துக்காரர் எதை வைத்துப் பிழைப்பார்? திட்டம் போடுகிறவர்கள் முதலில் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஈயம் இன்னும் பிடிவாதமானது, மண்ணை விட்டுக் கிளம்பாது. ஈ.டி.டி.ஏ. ரசாயனம் ஊற்றிக் கரைத்தால் கடுகுச்செடி இழுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு மழை பெய்தால் கரைந்த ஈயம் நிலத்தடி நீருக்கும் இறங்கிவிடும். கிணறு உள்ள இடத்தில் அது கூடவே கூடாது என்பேன். அங்கே வெட்டிவேர் நடுவதே மேல். ஆழமாக வேர்விட்டு மண்ணைக் கட்டிப்போடும், பெரும்பாலான உலோகத்தை வேரிலேயே வைத்துக்கொள்ளும். சுத்தமாகாது, ஆனாலும் புழுதி பறந்து பிள்ளைகள் வாயில் போவது குறையும்.

அப்புறம், அறுவடை. உலோகம் அழியாது, மண்ணிலிருந்து செடிக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கடுகுக்கீரை சந்தைக்குப் போனால்? ஆடுமாடு மேய்ந்தால்? வெளியில் போட்டு எரித்தால் காட்மியம் புகையில் ஏறும். அதனால் வேலி வேண்டும், வடிகட்டி பொருத்திய உலை வேண்டும், சாம்பலை வைக்க அபாயக் கழிவுக் கிடங்கு வேண்டும். யாராவது செடித் திட்டத்தோடு வந்தால், இந்தச் செலவுகளை முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.