மூச்சு எங்கே நிற்கிறது?

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, அரங்கில் இருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"ரஷ்யச் சண்டைக்கலையில் ஆளை வளர்ப்பது போட்டிக் களமா, பயிற்சிக் கூடமா?" என்பது தலைப்பு. நான் பயிற்சிக் கூடத்தின் பக்கம். எதிரணித் தலைவர் சாம்போ என்ற ரஷ்ய மல்யுத்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளுத்து வாங்கிவிட்டுப் போயிருக்கிறார். 1938-ல் சோவியத் அரசு ஏற்றுக்கொண்ட விளையாட்டு, 2021-ல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முழு அங்கீகாரம் பெற்றது, எதிராளியை முதுகு தரையில் படும்படி வீசிவிட்டுத் தான் விழாமல் நின்றால் அந்த நொடியே முழு வெற்றி என்றெல்லாம் அடுக்கினார். கடைசியில் என்னைப் பார்த்து ஒரு கேள்வி: "சிஸ்டெமா, சிஸ்டெமா என்கிறீர்களே, அதில் போட்டி உண்டா? பெல்ட் உண்டா? ஒருவன் வளர்ந்துவிட்டான் என்று எதை வைத்து ஐயா அளப்பீர்கள்?"

சிஸ்டெமா என்பது இன்னொரு ரஷ்யச் சண்டைக்கலை. அதில் போட்டி இல்லைதான். கலர் கலராக பெல்ட்டும் இல்லை. மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கும் அசைவு வரிசைகளும் இல்லை. மாஸ்கோவில் அதை மிகைல் ரியாப்கோ கற்றுக்கொடுத்தார். அவரிடம் கற்ற விளாதிமிர் வாசிலியேவ் 1993-ல் கனடாவில், டொரோண்டோவில் பள்ளி தொடங்கினார். அவர்கள் வழியில் அடிப்படை நாலே நாலு: மூச்சு, தளர்வு, நிமிர்ந்த உடம்பு, தொடர்ந்த அசைவு. நாலையும் விளக்கினால் நடுவர் மணி அடித்துவிடுவார். நான் மூச்சை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். மற்ற மூன்றும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு தானாக வரும்.

அங்கே தண்டால் எடுப்பதைப் பாருங்கள். உள்ளங்கை இல்லை, முஷ்டியைத் தரையில் ஊன்ற வேண்டும். மூச்சை விட்டபடி, 20 எண்ணும் வரை மெதுவாக இறங்க வேண்டும். மூச்சை இழுத்தபடி 20 எண்ணி ஏற வேண்டும். பேசப் போகிறோமே, செய்து பார்ப்போம் என்று நேற்று ராத்திரி ஹாலில் படுத்தேன். 12-ல் தோள் இறுகியது. 14-ல் பல்லைக் கடித்தேன். எப்போது என்று தெரியவில்லை, மூச்சு நின்றே போயிருக்கிறது. வீட்டம்மா எட்டிப் பார்த்து, "சோபாவுக்கு அடியில என்னத்தைத் தேடுறீங்க?" என்றார்.

தேடியது கிடைத்துவிட்டது. கஷ்டம் வந்ததும் நான் முதலில் செய்வது மூச்சை அடக்குவது. இத்தனை வருஷம் என் உடம்போடு குடித்தனம் நடத்தியும் இது எனக்குத் தெரியாது. 100 தண்டாலை மடமடவென்று எடுத்திருந்தால் தெரிந்திருக்குமா? பயந்து போனவனை நம் ஊரில் "மூச்சுப் பேச்சில்லாமல் நின்றான்" என்கிறோம். முதலில் மூச்சு, அப்புறம்தான் பேச்சு. வரிசையைச் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்!

அடுத்து, மெதுவாகச் செய்யும் சண்டைப் பயிற்சி. ஒருவர் ரப்பர் கத்தியோடு ஆமை வேகத்தில் வருகிறார். நீங்களும் அதே வேகத்தில் விலக வேண்டும். அவ்வளவுதான். ஆனால் கத்தி விலாவை நெருங்கியதும் நம்மாள் என்ன செய்வான்? அவனையும் அறியாமல் சட்டென்று வேகம் கூட்டித் தப்பிவிடுவான். அந்த வேகத்துக்குப் பெயர் திறமை இல்லை, பயம். போட்டியில் அதே வேகத்துக்குக் கைதட்டல் விழும். இங்கே கூட்டாளி சிரித்துக்கொண்டே, "மறுபடியும் செய்" என்பார். எதிரணித் தலைவர் கேட்ட அளவுகோல் இதுதான். போன மாதம் கத்தி ஒரு முழம் தள்ளி இருக்கும்போதே துள்ளியவன், இந்த மாதம் அது சட்டையைத் தொடும் வரை மூச்சு மாறாமல் இருக்கிறானா? அது அவனுக்கும் தெரியும், எதிரில் இருப்பவருக்கும் தெரியும். ஸ்கோர் போர்டு எதற்கு?

தலையில் ஒரு வாளி குளிர்ந்த தண்ணீரைக் கவிழ்த்துக்கொள்வதும் இவர்கள் வழக்கம். அதிலும் சோதனை இதேதான்: தண்ணீர் பட்டதும் மூச்சு சிக்குகிறதா, ஓடுகிறதா?

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தோழி, ஒருவர் கையை வீசியதும் தொடாமலே நாலு பேர் சரியும் வீடியோவைச் சொல்லிக் கிண்டல் செய்தார். நானும் பார்த்திருக்கிறேன், நானும் சிரித்தேன். அதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. குருவின் மனம் கோணக் கூடாதே என்று விழுகிறவன் வளரவில்லை, நடிக்கிறான். அதுவும் போட்டிக்காரனின் நோய்தான். பார்க்கிறவர்களுக்காக ஆடுவது!

சாம்போவுக்கும் வருகிறேன். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான வசீலி ஒஷ்செப்கோவ் 1911-ல் டோக்கியோவின் கோடோகன் பள்ளியில் ஜூடோ கற்கச் சேர்ந்தவர். வருஷக்கணக்கில் அந்தப் பாயில் விழுந்து எழுந்தவர். 1937-ல் ஜப்பானிய உளவாளி என்று கைதாகிச் சிறையிலேயே இறந்தார். அரசு சாம்போவை ஏற்றுக்கொண்டது அதற்கு அடுத்த வருஷம். எதிரணி அடுக்கிய அங்கீகாரம் ஒன்றையும் அவர் கண்ணால் பார்க்கவில்லை. இன்றைக்கும் ஆண்கள் சாம்போ ஆட்டம் 5 நிமிடம். அந்த 5 நிமிடத்துக்காக ஒருவன் கூடத்தில் எத்தனை ஆயிரம் முறை விழுந்திருப்பான்? ஆளை வளர்த்த அத்தனை விழுதலையும் விட்டுவிட்டு, கழுத்தில் விழுந்த பதக்கத்தை மட்டும் எண்ணுவது என்ன கணக்கு?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு விண்ணப்பம். தீர்ப்புக்கு முன்னால் எதிரணித் தலைவர் இந்த மேடையிலேயே ஒரு தண்டால் எடுக்கட்டும். நூறு வேண்டாம், ஒன்று போதும். 20 எண்ணிக்கை இறக்கம், 20 எண்ணிக்கை ஏற்றம். மைக்கை அவர் வாய்ப் பக்கத்தில் வையுங்கள், நான் எண்ணுகிறேன்.