மார்கரெட் ஸ்டைஃபை உயர்த்தியது வியாபாரத் திறனே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஜெர்மனியின் பொம்மைத் தொழில் முன்னோடி மார்கரெட் ஸ்டைஃபின் வெற்றிக்குப் பெரிதும் காரணம் மன உறுதியா, வியாபாரத் திறனா? இதுதான் இன்றைய வழக்கு. நான் வியாபாரத் திறன் அணி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் உருக்கமாகப் பேசினார். 1847-ல் கீங்கன் என்ற சின்ன ஊரில் பிறந்த குழந்தை. ஒன்றரை வயதில் போலியோ. இரண்டு காலும் விளங்காமல் போயின, வலது கையைத் தூக்கினால் வலி. கூடப் பிறந்தவர்கள் கைவண்டியில் வைத்துப் பள்ளிக்கு இழுத்துப் போனார்கள். அவர் சொல்லச் சொல்ல முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. நடுவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூசி என்றுதான் சொல்வார், நம்பாதீர்கள்.

எனக்கு ஒரே ஒரு வருத்தம். அந்த அம்மையாரின் காலைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியவர், கடையைப் பற்றி வாயைத் திறக்கவே இல்லை. ஒரு ஆண் தொழிலதிபர் என்றால் முதல் எவ்வளவு போட்டார், சரக்கை எங்கே விற்றார், போட்டியை எப்படிச் சமாளித்தார் என்று கேட்கிறோம். பெண் என்றால், அதுவும் சக்கர நாற்காலியில் இருந்த பெண் என்றால், "ஐயோ, எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். இது பாராட்டு இல்லை நடுவர் அவர்களே. ஒரு முதலாளியின் மூளையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவது.

எதிரணி பெரிய ஆதாரமாகக் காட்டியது தையல் மெஷினை. கைச்சக்கரம் மெஷினுக்கு வலது பக்கம் இருக்கும். இவருக்கு வலது கை சரியாக வராது. ஆனாலும் தைத்தார், ஆகவே மன உறுதி என்றார்கள். சரி, எப்படித் தைத்தார் என்று சொன்னார்களா? மெஷினைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பின்பக்கம் உட்கார்ந்து, இடது கையால் சக்கரத்தைச் சுற்றினார். மன உறுதி மட்டும் இருந்தவர் முன்பக்கமே உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, வலது கையாலேயே சுற்றியிருப்பார். இவர் அந்த வீம்புக்கே போகவில்லை. கை மாறாது, மெஷின் மாறும் என்று பார்த்தார். இது தொழில் தெரிந்தவரின் புத்தி. நீங்கள் கொண்டுவந்த சாட்சி எங்கள் பக்கம் பேசுகிறது!

அப்புறம் துணியைப் பாருங்கள். 1877-ல் ஃபெல்ட் துணியில், அதாவது நெய்யாமல் கம்பளி இழைகளை அழுத்திச் செய்த துணியில், உடை தைத்து விற்கும் கடையைத் தொடங்குகிறார். ஏன் ஃபெல்ட்? ஊரிலேயே ஃபெல்ட் ஆலை இருந்தது, சரக்குக்கு அலைய வேண்டாம். தையல் தெரிந்த தாய்மார்களுக்கு இன்னொன்றும் புரியும். சாதாரணத் துணியை வெட்டினால் ஓரத்தில் நூல் பிரியும், மடித்து அடிக்க வேண்டும். ஃபெல்ட் பிரியாது. வெட்டினபடியே தைக்கலாம். வேலை பாதி, நேரம் பாதி. பெண்களுக்கு உள்பாவாடை, குழந்தைகளுக்குக் கோட்டு என்று ஆயத்த உடை போட்டு, ஆள் வைத்து நடத்தினார். பொம்மை என்ற பேச்சே வருவதற்கு முன்னால் அவர் முதலாளி ஆகிவிட்டார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பொம்மை வந்த கதைக்கு வருகிறேன். 1879-ல் ஒரு பத்திரிகையில் யானை தைப்பதற்கான மாதிரிப் படம் ஒன்று வருகிறது. ஊசி குத்தி வைக்கும் குட்டி மெத்தை, யானை வடிவத்தில். இவர் ஃபெல்ட்டில் தைத்துச் சொந்தக்காரப் பெண்களுக்குக் கொடுக்கிறார். ஊசி குத்த வேண்டிய யானையைப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டன. நம் வீட்டில் என்ன செய்வோம்? "ஏய், அதைக் கீழே வை, ஊசி குத்திடும்" என்று பிடுங்கி வைப்போம். இவர் பிடுங்கவில்லை. வாங்கப்போவது யார் என்று அங்கேயே கண்டுகொண்டார். அந்தக் காலத்துப் பொம்மை என்றால் மரம், தகரம், பீங்கான் தலை. கட்டிப்பிடித்துத் தூங்க முடியாது, விழுந்தால் உடையும். மெத்தென்ற பொம்மைக்குச் சந்தையில் இடம் காலியாக இருந்தது. தம்பி ஃபிரிட்ஸ் அந்த யானைகளைப் பக்கத்து ஊர் ஹைடன்ஹைம் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றார். 1886-ல் ஒரே வருடத்தில் 5,000 யானைகளுக்கு மேல் விற்றன. 1893-ல் நிறுவனத்தை ஃபெல்ட் பொம்மை ஆலை என்றே பதிவு செய்தார். "குழந்தைகளுக்கு என்றால் ஆகச் சிறந்தது மட்டும்தான்" என்பது அவர் வைத்த கொள்கை. எழுதி மாட்டிவிட்டு உட்காரவில்லை, புதிதாக வரும் ஒவ்வொரு மாதிரியையும் தானே சோதித்துப் பார்த்த பிறகுதான் விற்பனைக்கு விட்டார்.

அடுத்து கரடி. எதிரணியில் அடுத்துப் பேசுபவர் இதைப் பிடித்துக்கொள்வார் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். கரடி மார்கரெட்டின் யோசனை இல்லை. தம்பி மகன் ரிச்சர்ட், ஸ்டுட்கார்ட் மிருகக்காட்சிசாலையில் உட்கார்ந்து படம் வரைந்து, 1902-ல் கை கால் அசைகிற கரடியை உருவாக்கினார். அத்தைக்கு முதலில் அதில் பெரிய நம்பிக்கை இல்லை என்றுதான் சொல்கிறார்கள். நம்பிக்கை இல்லாத சரக்கை, வீட்டுப் பையன் செய்தான் என்பதற்காக யாராவது லைப்சிக் சந்தைக்கு அனுப்புவார்களா? இவர் அனுப்பினார். தன் ரசனை வேறு, சந்தையின் ரசனை வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தது. 1903 சந்தையில் ஒரு அமெரிக்க வியாபாரி 3,000 கரடிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். அடுத்த வருடம் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் 12,000 விற்றன.

"அது அதிர்ஷ்டம். அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வேட்டையில் ஒரு கரடியைச் சுட மறுத்தார், அவருடைய செல்லப் பெயரான டெடி கரடி பொம்மைக்கும் ஒட்டிக்கொண்டது, எல்லோரும் வாங்கினார்கள்" என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன், பெயர் ரூஸ்வெல்ட் புண்ணியம். அதே நேரத்தில் நியூயார்க்கின் புரூக்ளினிலும் மிச்டம் தம்பதி கரடி பொம்மை செய்து விற்றார்கள். ஆக, போட்டியும் இருந்தது. கேட்கிற அளவுக்குச் சரக்கு கொடுக்க உங்களிடம் இடமும் ஆளும் இருக்கிறதா என்று அதிர்ஷ்டம் கேட்காது. இவரிடம் இருந்தது. 1903-லேயே இரும்புச் சட்டத்தில் சுவரெல்லாம் கண்ணாடியாக ஒரு தொழிற்சாலை எழும்பிவிட்டது. தைக்கிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டுமே! அந்தக் கட்டடம் இன்றும் கீங்கனில் நிற்கிறது.

இனி போலி. நல்ல சரக்கு விற்றால் நாலாவது நாள் போலி வரும், எந்த ஊராக இருந்தாலும். 1904-ல் இன்னொரு தம்பி மகன் ஃபிரான்ஸ் யோசனை சொல்ல, ஒவ்வொரு பொம்மையின் காதிலும் ஒரு உலோகப் பட்டன் வைக்கத் தொடங்கினார்கள். நாம் பிள்ளைக்குக் காது குத்துவதுபோல இவர்கள் கரடிக்குக் குத்தினார்கள். எழுத்துத் தெரியாத குழந்தைகூடக் காதைத் தடவிப் பார்த்து அசலா போலியா என்று சொல்லிவிடும். விளம்பரப் பலகை வேண்டாம், பொம்மையே தன் பெயரைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போனது. அந்தப் பட்டன் இன்றைக்கும் இருக்கிறது.

மன உறுதி இல்லை என்று நான் சொல்லவில்லை. இல்லாமல் எப்படி? ஆனால் மன உறுதியை உயில் எழுதி வைக்க முடியாது நடுவர் அவர்களே. 1906-ல் மார்கரெட் தொழிலைத் தம்பி மகன்களோடு சேர்த்து ஒரு கம்பெனியாக மாற்றினார். 1909 மே மாதம் நிமோனியாவில் இறந்தார். ஆலை நிற்கவில்லை. முதலாளியின் நெஞ்சுறுதியால் மட்டும் ஓடிய கடை என்றால் பதினாறாம் நாள் காரியத்தோடு ஷட்டரை இறக்கியிருப்பார்கள்.

மணி அடிக்கிறீர்கள், தெரிகிறது. ஒரே ஒரு கேள்வி வைத்துவிட்டு உட்காருகிறேன். 1907-ல் அந்த நிறுவனம் செய்த கரடிகள் 9,74,000. ஆலைக்குள் 400 பேர், வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்தவர்கள் 1,800 பேர். அத்தனை வீட்டுக்கும் துணி போக வேண்டும், தைத்தது திரும்பி வர வேண்டும், கூலி கணக்குப் பிசகக் கூடாது, 9,74,000 காதிலும் பட்டன் ஏற வேண்டும். இதில் எந்த வேலையை மன உறுதி பார்த்தது, எதை வியாபாரத் திறன் பார்த்தது என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் பிரித்துச் சொல்லட்டும். கைக்குட்டை இல்லாமல்!