ஒரு சொட்டு டீசல் சிந்தாது, ஆனாலும் லீக்: கண்ணாடி ஹோஸில் கண்டுபிடிப்பது எப்படி?

வண்டிக்கு அடியில் ஈரம் இல்லை. டீசல் பைப்பைத் துணியால் துடைத்துப் பார்த்தாலும் கறை இல்லை. ஆனாலும் லீக் இருக்கிறது. உங்கள் டீசல் வண்டி காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் படுத்துகிறதா? நாசிலுக்கும் பம்புக்கும் பணத்தைக் கொட்டுவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள்.

(காட்சி: விடியற்காலை இருட்டு. லோடு வண்டி. செல்ஃப் அடிக்கும் சத்தம்.)

இது என் மாமாவின் வண்டி. காலை 3 மணிக்கு ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி போக வேண்டும். செல்ஃப் அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்காது. ஃபீட் பம்ப் மேல் இருக்கும் கை பம்பை இருபது முப்பது தடவை அழுத்தினால் உடனே எடுத்துவிடும். பகல் முழுக்க ஒரு தொல்லையும் இல்லை. மறுநாள் விடிந்தால் அதே கதை. ஒரு பட்டறையில் நாசில் மாற்றினார்கள். அப்புறம் பம்பை இறக்கிச் சரிபார்த்தார்கள். பேட்டரியும் புதிது. கடைசியில் கோளாறைக் காட்டிக் கொடுத்தது ஒரு முழம் கண்ணாடி ஹோஸ். உள்ளே ஓடுவது வெளியே தெரியும் பிளாஸ்டிக் டியூப், அவ்வளவுதான்.

டீசல் போகும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டேங்க், அதிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப், ஃபில்டர், அழுத்தம் ஏற்றும் பெரிய பம்ப், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில். இந்த வண்டியில் டேங்க் கீழே இருக்கிறது, ஃபீட் பம்ப் மேலே இருக்கிறது. அதனால் டீசலை உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவில் சின்ன ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? இளநீர் வெளியே சொட்டாது, வாய்க்குக் காற்றுதான் வரும். அதேதான் இங்கேயும். வயலில் இருக்கும் பழைய பம்புசெட்டில் டேங்க் தலைக்கு மேலே இருப்பதால் லீக் என்றால் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். கீழ் டேங்க் வண்டியில் லீக் உள்பக்கமாக நடக்கிறது. ராத்திரி வண்டி நிற்கும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்று நுழைய, பைப்பில் இருக்கும் டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது.

கொஞ்சம் காற்றுக்கு எஞ்சின் ஏன் இப்படி மடங்குகிறது? வீட்டில் ஊசி போடும் சிரிஞ்ச் இருந்தால் எடுங்கள்.

(காட்சி: சிரிஞ்சின் நுனியை விரலால் அடைத்து அழுத்துவது. முதலில் காற்று, பிறகு தண்ணீர்.)

காற்றை அடைத்து அழுத்தினால் பிஸ்டன் உள்ளே போகிறது, விட்டால் திரும்பி வருகிறது. தண்ணீர் என்றால் கல் மாதிரி நிற்கிறது. நாசில் திறக்க இந்த மாதிரி எஞ்சினில் சுமார் 200 பார் அழுத்தம் வேண்டும். கார் டயரில் இருப்பதைப் போல நூறு மடங்கு! பம்பு எவ்வளவு அமுக்கினாலும் குமிழ் சுருங்கிக் கொடுத்துவிடும், அழுத்தம் ஏறாது, நாசில் திறக்காது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. 1897இல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சினில் எரிபொருளை உள்ளே ஊதித் தள்ளியதே அழுத்திய காற்றுதான். 1927இல் போஷ் நிறுவனம் டீசல் பம்புகளைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகு டீசலை டீசலாகவே அமுக்கும் முறை பரவியது. அன்று வேலைக்காரனாக இருந்த காற்று இன்று எதிரி.

வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் டியூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் டியூபை உயர்த்திப் பிடித்து, விரலால் சுண்டிச் சுண்டி, குமிழ் எல்லாம் போன பிறகுதான் சுவரில் கோடு போடுவார். ஒரு குமிழ் மாட்டினால் மட்டம் பொய் சொல்லும் என்று அவருக்குத் தெரியும். டியூப் கண்ணாடி மாதிரி இருப்பதால்தான் அந்தக் குமிழ் அவர் கண்ணில் படுகிறது. டீசல் பைப்போ கறுப்பு ரப்பர். உள்ளே என்ன போகிறது என்று யாருக்குத் தெரியும்? ஃபோக்ஸ்வாகனின் பழைய டிடிஐ டீசல் கார்களில் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே உள்ளே தெரியும் டியூபைக் கம்பெனியே போட்டு அனுப்பியது. எல்லா வண்டியிலும் அப்படி ஒரு துண்டு இருந்திருக்கலாம் என்பது என் ஆசை.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ஃபில்டருக்கும் பெரிய பம்புக்கும் நடுவே கண்ணாடி ஹோஸைப் போட்டு எஞ்சினை ஓட விடுங்கள். ஆரம்பத்தில் வரும் குமிழ் நீங்கள் ஹோஸ் மாட்டியபோது புகுந்தது, சில நிமிடத்தில் போய்விடும். அதற்குப் பிறகும் பாசிமணி கோத்தது போல வந்துகொண்டே இருந்தால் காற்று முன்னாலேயே ஏறுகிறது. எங்களுக்கு அப்படித்தான் வந்தது. ஹோஸை ஃபீட் பம்புக்குள் டீசல் நுழையும் வாய்க்கு மாற்றினோம். அங்கேயும் குமிழ். டேங்க் பைப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கேனில் டீசல் ஊற்றி ஹோஸை நேராக அதில் விட்டோம். குமிழ் நின்றுவிட்டது! அப்படியென்றால் ஓட்டை டேங்கிலிருந்து வரும் பைப்பில்.

பைப்பை மறுபடி மாட்டி, ஒருவர் கண்ணாடி ஹோஸையே பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒவ்வொரு ஜாயின்ட்டாக கிரீஸ் அப்பிக்கொண்டு போனேன். சோப்பு நுரை இங்கே உதவாது, உள்ளே இழுத்துக்கொள்ளும். மூன்றாவது கிளிப்பில் கிரீஸ் வைத்ததும், "நின்னுருச்சுடா!" என்று மாமா கத்தினார். கிளிப்பைக் கழற்றிப் பார்த்தால் அதன் விளிம்புக்கு அடியில் ரப்பரில் முடி அளவு வெடிப்பு. ஹோஸ் துண்டு ஒன்று மாற்றியதோடு சரி.

உங்கள் வண்டியில் வேறு இடமாக இருக்கலாம். பேஞ்சோ போல்ட்டின் (பைப்பை இறுக்கும், நடுவே துளையுள்ள போல்ட்) காப்பர் வாஷர், கை பம்ப், ஃபில்டர் ரப்பர் எல்லாம் சந்தேகத்துக்கு உரியவை. டேங்க் நிறைய இருந்தால் நன்றாக ஓடி, பாதிக்குக் கீழே போனால் மட்டும் மக்கர் பண்ணுகிறதா? டேங்குக்குள் இறங்கும் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பெரிய பம்புக்கும் நாசிலுக்கும் நடுவே கண்ணாடி ஹோஸைப் போடவே போடாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சாதாரண பிவிசி டியூப் டீசல் பட்டு விறைத்துப் போகும், அப்புறம் அதுவே காற்று வாங்கும். பாலியூரிதேன் டியூப் கேட்டு வாங்குங்கள், சைலன்சர் பக்கம் படாமல் கட்டுங்கள், சோதனை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

உங்கள் வண்டியில் டேங்க் எங்கே இருக்கிறது, காலையில் எத்தனை தடவை செல்ஃப் அடிக்கிறீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். ஹோஸை முதலில் எங்கே போட வேண்டும் என்று பதில் போடுகிறேன்.